உன் தோழியிடம் சொல்

கருவடிக்குப்பம், பாண்டிச்சேரி-8
12 ஜூலை 2004

அன்புத் தம்பி அலெக்சிக்கு,

நானும் பப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். பப்பாவுக்கு இடது முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. ஆனாலும் பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய தின அணிவகுப்புக்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போயே தீருவாராம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வாரத்துக்கு ஒருநாளாவது சோறு சாப்பிடுகிறாயா?

போன ஞாயிறு நீ போன் செய்தபோது கார்டு முழுவதையும் பப்பாவே பேசித் தீர்த்துவிட்டார். பிரவுசிங் சென்டருக்குப் போனால் பின்னால் காத்திருக்கிறவன் நான் அடிப்பதைப் படிக்கிறான். எனக்குக் கடிதம்தான் சரி.

உங்கள் விண்கலம் சனிக்கிரகத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தோம். எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அந்தப் படத்தை ஒட்டியது பூர்ணிமாதான். கீழே பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதி, 'இந்த வேலையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார்' என்று முடித்திருந்தாள். "பேரைப் போட்டா என்னம்மா?" என்றேன். "ஊர்க்காரருன்னு போட்டிருக்கேனேக்கா, அது போதாதா?" என்று சிரித்தாள்.

நீயும் அவளும் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தபோது இரண்டு பேருக்கும்தான் ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் வந்தது. "ரெண்டு வருஷத்துல வந்து முறையா கேட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவள் அப்பா பலராமன் ஐயாவிடம் என் முன்னால்தான் சொன்னாய். அவர் அதை நம்பி மகளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். ஆறு வருடம் ஓடிவிட்டது. நீ சனிவரைக்கும் போய்விட்டாய். அவள் அதே ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஒரு கேள்வி எழுதித் தந்தாள். நான் பிரெஞ்சு வாத்தியார், எனக்கு இதெல்லாம் புரியாது, அப்படியே எழுதுகிறேன். விண்மீன்களுக்கு இடையே இருக்கிற கரிய மேகங்கள், நாம் பூமியில் உண்டாக்குகிற வெற்றிடத்தைவிடக் காலியானவை என்கிறார்கள். அவ்வளவு காலியான ஒன்று பின்னால் இருக்கிற நட்சத்திரங்களை எப்படி மறைக்கிறது?

கன்னத்தில் ஒரு பிசூ.

கிளோதின்


கொலோன், ஜெர்மனி
9 ஆகஸ்டு 2004

அன்பு அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பப்பாவை முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

உன் தோழியின் கேள்வி நல்ல கேள்வி. மார்கழிக் காலையில் லாசுப்பேட்டை விமானத் திடலில் நிற்பதாக நினைத்துக்கொள். நீட்டிய கை தெரியும், எதிரில் நிற்கிற ஆள் தெரிவார். ஆனால் திடலின் அந்தக் கோடி தெரியாது. உன் கைக்கு முன்னால் இருக்கிற பனி மெல்லியதுதான். கோடி வரைக்கும் அது சேர்ந்துகொண்டே போகிறது. அந்த மேகங்களும் அப்படித்தான். பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு, அதில் புகையைவிடச் சன்னமான தூசி. ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒளி மறுபக்கம் வந்து சேர மாதங்கள், சில மேகங்களில் வருடங்கள் ஆகும். அத்தனை தூரம் தூசியைக் கடந்தால் எந்த ஒளி தப்பும்? அந்தக் காலத்தில் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் அவற்றை வானத்தில் உள்ள ஓட்டைகள் என்றே நினைத்தார்கள். ரேடியோ அலைகளுக்கு அந்தத் தூசி ஒரு பொருட்டே இல்லை, ஊடுருவி வந்துவிடும். இன்று நமக்கு அந்த மேகங்களைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி ரேடியோவால் தெரிந்ததுதான்.

என் வேலையும் ரேடியோதான். சனியின் பெரிய நிலாவான டைட்டனில் ஜனவரி மாதம் ஒரு சின்னக் கலம் பாராசூட்டில் இறங்கும். இறங்கிக்கொண்டே ஒரே சுருதியில் ஒரு ரேடியோ ஒலியை அனுப்பும். காற்று கலத்தைத் தள்ளினால் சுருதி மாறும். விழுப்புரம் பாசஞ்சர் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது சத்தம் மாறுமே, அதே கணக்கு. அந்த மாற்றத்தை வைத்து டைட்டனில் காற்று எப்படி அடிக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்கு இந்த ஒரு வேலைதான். ஏழு வருடம் பறந்து போனது இரண்டரை மணி நேர இறக்கத்துக்காக.

நீ எழுதிய மற்ற விஷயம் எனக்கு மறக்கவில்லை. இப்போது அதைப் பேசுகிற நிலையில் நான் இல்லை.

பிசூ.

அலெக்சி


கருவடிக்குப்பம்
17 அக்டோபர் 2004

அன்புத் தம்பிக்கு,

பப்பா எக்ஸ்ரே எடுத்தார். தேய்மானம் என்றார்கள். "சகாராவுல மார்ச் பண்ண காலு, தேயாம என்ன பண்ணும்?" என்று டாக்டரிடமே சண்டை. எனக்கு ஒரு வாரமாகச் சளி. நீ ஏன் இளைத்தாய்?

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் பூர்ணிமா வாங்கிப் படித்தாள். லாசுப்பேட்டைப் பனி என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். படித்து முடித்து, "நல்லா சொல்லியிருக்காரு" என்று மடித்துக் கொடுத்தாள். அவ்வளவுதான். உன்னைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்க மாட்டாள். பப்பா அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில், "நம்ம பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காகத்தானே இந்தப் பொண்ணு சுத்தி சுத்தி வருது" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அதற்குப் பிறகு அவள் நம் வாசல்படி ஏறவில்லை. ஆனால் என்னோடு பழகுவதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

ஆடி முடிந்ததும் திருக்கனூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்ததாம். பலராமன் ஐயா இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி வேலையை இந்த வருடத்தோடு விடப் போகிறார். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவள் அம்மா செல்வாம்பாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "உன் தம்பி வருவானா மாட்டானா, ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா. எங்க பொண்ணு வாய் தொறக்க மாட்டேங்குது" என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அதற்காகத்தான் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று பப்பாவிடம் சொன்னாயே, வா. வந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ நீயே சொல்.

அவளுடைய அடுத்த கேள்வி: அவ்வளவு குளிர்ந்த மேகத்துக்குள் நட்சத்திரம் பிறக்கிறது என்றால், நெருப்பாகக் கொதிக்கிற ஒன்று குளிரிலிருந்து எப்படி வரும்? மேகத்துக்குள் வாயு நகர்வதை எதை வைத்து அளக்கிறார்கள்?

பிசூ.

கிளோதின்


கொலோன்
28 நவம்பர் 2004

அன்பு அக்கா,

சளி போய்விட்டதா? இங்கே இலையெல்லாம் உதிர்ந்து, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை கழுத்தை நெரிக்கிறது.

முதலில் உன் தோழிக்கு. வாயு சூடாக இருந்தால் அதன் துகள்கள் முட்டி மோதி வெளியே தள்ளும். மேகம் கலையப் பார்க்கும். அதே சமயம் மேகத்தின் சொந்த எடை அதை உள்ளே இழுக்கும். சூடு இருக்கிறவரை எடையால் ஜெயிக்க முடியாது. குளிர்ந்து, கிட்டத்தட்ட மைனஸ் இருநூற்று அறுபது டிகிரிக்குப் போனதும் தள்ளுகிற பலம் போய்விடும். மேகம் தன் எடையாலேயே உள்ளே விழ ஆரம்பிக்கும். விழ விழ நடுப்பகுதி நெருக்கப்பட்டுச் சூடேறும். ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். நட்சத்திரம் பிறக்கக் குளிர் வேண்டும் என்பது இதனால்தான்.

நகர்வை அளப்பது நான் செய்கிற அதே கணக்கு. மேகத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா போன்ற ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஒரு ரேடியோ சுருதியில் பாடும். நம் பக்கம் வந்தால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். இதைப் பற்றி இரண்டு நல்ல கட்டுரைகள் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. இருபத்தைந்தாம் தேதி அன்றுதான் சின்னக் கலம் தாய்க்கலத்திலிருந்து பிரிகிறது. யாருக்கும் விடுப்பு இல்லை. ஜனவரி பதினாலாம் தேதி முடியட்டும் அக்கா. அதன் பிறகு எல்லாவற்றையும் யோசிக்கிறேன். செல்வாம்பாள் அம்மாவிடம் என் பேரில் எந்த வாக்கும் கொடுத்துவிடாதே.

பிசூ.

அலெக்சி


கருவடிக்குப்பம்
20 டிசம்பர் 2004

அன்புத் தம்பிக்கு,

ஜுவாயே நோயேல், கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நீ வராததால் பப்பா குடில் வைக்கவில்லை. முழங்காலைக் காரணம் சொல்கிறார். எனக்குச் சளி சரியாகிவிட்டது.

கட்டுரைகளைப் பூர்ணிமாவிடம் கொடுத்தேன். "எனக்கு வேண்டியது இதாங்க்கா" என்று இரண்டு நாள் அதையே படித்துக்கொண்டிருந்தாள். நீ வரவில்லை என்றும் சொன்னேன். "வேலையிருக்கும்" என்றாள்.

அவளுக்கு இப்போது வேறு கவலை. பத்தாம் வகுப்பில் ஆயம்மா என்று ஒரு பெண் இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. நோணாங்குப்பத்துக்கு அப்பால் கடலோரக் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். பரீட்சைக்குப் பணம் கட்ட வைத்துவிட வேண்டும் என்று பூர்ணிமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அங்கே போய் அவள் அம்மாவோடு பேசிவிட்டு வருகிறாள்.

செல்வாம்பாள் அம்மாவிடம் நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. பயப்படாதே.

பிசூ.

கிளோதின்


கொலோன்
29 டிசம்பர் 2004

அன்பு அக்கா,

ஞாயிறு முழுவதும் லைன் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பப்பா எடுத்து, "நமக்கு ஒண்ணும் இல்லடா, வீடு பத்திரம், நீ வேலயப் பாரு" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உன்னைக் கேட்டால், "அக்கா வெளிய போயிருக்கா" என்றார். ஊர் அப்படிக் கிடக்கும்போது எங்கே போனாய்? நீயும் நலம்தானே?

இங்கே டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். பார்க்க முடியவில்லை. கடற்கரைச் சாலைக்குத் தண்ணீர் வந்ததா? கரையோரக் கல்லணை தாங்கியதா? நம் கோயில் எப்படி இருக்கிறது? நோணாங்குப்பம் படகு குழாம் போய்விட்டதா? அங்கே எத்தனை தடவை போயிருக்கிறோம்! விவரமாக எழுது.

இந்த நேரத்தில் சொல்லக் கூடாதுதான். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்தைந்தாம் தேதி கலம் சுத்தமாகப் பிரிந்துவிட்டது. இப்போது தனியாக, எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு தூங்கியபடி டைட்டனை நோக்கிப் போகிறது. உன் தோழியிடம் சொல், பதினாலாம் தேதி செய்தியைப் பார்க்கட்டும்.

புது வருட வாழ்த்துகள், பப்பாவுக்கும் உனக்கும்.

அலெக்சி


கருவடிக்குப்பம்
10 ஜனவரி 2005

தம்பி அலெக்சிக்கு,

பப்பாவும் நானும் இருக்கிறோம்.

நீ கேட்டதற்குப் பதில். கடற்கரைச் சாலைக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கல்லணை தாங்கியது. டவுன் தப்பித்தது. கோயிலுக்கு ஒன்றும் இல்லை. பத்து நாளாக அங்கே சோறு பொங்கிக் குப்பங்களுக்கு அனுப்புகிறார்கள். படகு குழாம் பக்கம் நான் போயிருந்தேன், ஆனால் படகுகளைப் பார்க்கவில்லை. வடக்கிலும் தெற்கிலும் குப்பங்கள் போய்விட்டன. எங்கள் பள்ளியில் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. ஸ்டாஃப் ரூமில் பழைய துணி மூட்டைகள். இங்கிருக்கிற சுடுகாட்டுக்குப் போகிற வண்டிகள் நம் தெரு வழியாகத்தான் போயின.

நீ கேட்டது இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன்.

இன்னும் எழுத உட்கார்ந்தேன். பப்பா, "அவன் பதினாலாந்தேதி வேல முடியட்டும். இப்ப எதையும் எழுதி அவன் மனசக் கெடுக்காத" என்று பேனாவை வாங்கி வைத்துவிட்டார். உன் வேலை நல்லபடியாக முடியட்டும்.

இந்த முறை கேள்வி எதுவும் இல்லை.

கிளோதின்


கொலோன்
5 பிப்ரவரி 2005

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்தது. நீங்கள் நலமாக இருப்பதே போதும். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான்.

படங்களைப் பார்த்திருப்பாய். ஆரஞ்சு நிற வானம், கூழாங்கல் போலக் கிடக்கிற பனிக்கட்டிகள். அன்றைக்கு டார்ம்ஸ்டாட்டில் கட்டுப்பாட்டு மையத்தில்தான் இருந்தேன். மதியத்துக்குப் பிறகு தகவல் வர ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எங்கள் மேசைத் திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

கலம் இரண்டு அலைவரிசைகளில் பேசியது. தாய்க்கலத்தில் அதற்கு இரண்டு ஏற்பிகள். மேலே அனுப்பிய கட்டளைகளில் ஒன்று விட்டுப்போய்விட்டது: முதல் ஏற்பியை இயக்கு என்ற கட்டளை. அது கடைசிவரை அணைந்தே கிடந்தது. மற்ற கருவிகளின் தகவல் இரண்டிலும் போனதால் தப்பித்தார்கள். படங்களில் பாதி போனது, பாதி வந்தது. காற்றை அளக்கிற எங்கள் சுருதி முதல் அலைவரிசையில் மட்டும்தான் இருந்தது. கலம் தன் வேலையைச் சரியாகச் செய்தது அக்கா. இறங்கி முடிக்கிறவரை பேசிக்கொண்டேதான் இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

சுனாமியில் வீடு வாசல் போனவன் மாதிரி அந்த மண்டபத்தில் நின்றேன். யாரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது கொஞ்சம் நம்பிக்கை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் அன்றைக்கு டைட்டன் பக்கம் திரும்பியிருந்தன. அவை அந்த மெல்லிய ஒலியை நேரடியாகவே பிடித்திருக்கின்றன. அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். உயரத்தில் சூறாவளி வேகத்தில் காற்று. தரைக்கு அருகில் மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை. முழுதாக வரும் என்கிறார்கள். ஆனால் அந்த மதியத்தை யார் திருப்பித் தருவார்கள்?

இரண்டு வரி ஆறுதலாக எழுது.

அலெக்சி


கொலோன்
30 ஜூன் 2005

அன்பு அக்கா,

பிப்ரவரியில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. போன் செய்தால் எப்போதும் பப்பாதான் எடுக்கிறார். "அக்கா ஸ்கூல் வேலையா இருக்கா" என்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். காற்றுக் கணக்கு அநேகமாக முழுவதும் மீண்டுவிட்டது.

இரண்டாவது செய்தி உனக்குப் பப்பா சொல்லியிருப்பார். அவரோடு பட்டாளத்தில் இருந்த ராமலிங்கம் அங்கிளின் மகள் ஏலிஸ் பாரிஸ் பக்கத்தில் வங்கியில் வேலை பார்க்கிறாள். ஈஸ்டர் விடுமுறையில் போய்ப் பார்த்தேன். நல்ல பெண், அமைதியானவள். அக்டோபரில் அங்கேயே கல்யாணம். நீயும் பப்பாவும் வர டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். யோசித்துப் பார். ஏழு வருடம் என்பது பெரிய இடைவெளி. நான் வேறு ஆளாகிவிட்டேன். உன் தோழியும் அதைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்றே நினைக்கிறேன். அவள் அந்தக் கேள்விகளை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது என்னோடு தொடர்பு விட்டுவிடக் கூடாது என்றுதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வருடம் ஒரு கேள்வியும் வரவில்லை. ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. எனக்கும் நேரம் இல்லை.

ஒரே ஒரு உதவி. ஏலிஸ் விஷயத்தை அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நான் எழுதினால் நன்றாக இருக்காது. வருத்தப்படுவாள், ஆனால் நீ சொன்னால் தாங்கிக்கொள்வாள்.

பிசூ.

அலெக்சி


கருவடிக்குப்பம்
16 ஜூலை 2005

அலெக்சிக்கு,

பப்பா நன்றாக இருக்கிறார். நேற்று முன்தினம் அணிவகுப்பில் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கும் ஒன்றுமில்லை.

உன் தோழியிடம் நான் சொல்ல முடியாது. பூர்ணிமா டிசம்பர் இருபத்தாறாம் தேதி இறந்துவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் வழக்கம்போல ஆயம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மாவைச் சம்மதிக்க வைத்து, பரீட்சைக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தானே எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டிருக்கிறது. ஆயம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி அம்மன் கோயில் மண்டபத்தின் மேல் ஏற்றிவிட்டாள். அந்தப் பெண், "அம்மா உள்ள இருக்காங்க டீச்சர்" என்று கத்தியிருக்கிறாள். இவள் திரும்பி ஓடினாள். அம்மா ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். இவள் பிழைக்கவில்லை.

நீ திங்கட்கிழமை போன் செய்தபோது நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்தேன். பப்பாவுக்கு அது தெரியும். செவ்வாய்க்கிழமை நோணாங்குப்பம் காயலோரம் அவள் கிடைத்தாள். அடையாளம் காட்ட நான்தான் உள்ளே போனேன். பலராமன் ஐயா, "நீ பாத்துட்டு வாம்மா, நான் பாக்க மாட்டேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்வாம்பாள் அம்மா இன்னும் யாரோடும் பேசுவதில்லை. நம் தெரு வழியாகத்தான் அவளையும் கொண்டுபோனார்கள். பப்பா கதவைத் திறந்து வைத்து நின்றார். அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஆயம்மா பரீட்சை எழுதவில்லை. படகும் வலையும் போய்விட்டன. இப்போது மேட்டுப்பாளையத்தில் சோப்பு பேக் செய்கிற கம்பெனிக்குப் போகிறாள்.

பதினாலாம் தேதிவரை சொல்லாதே என்று பப்பா தடுத்தார். அதன்பின் நான் தடுத்துக்கொண்டேன். கல்லணையைக் கேட்டாய், கோயிலைக் கேட்டாய், படகைக் கேட்டாய். உனக்கு ஒரு ஏற்பி அணைந்துபோனதற்கு இரண்டு பக்கம் எழுதினாய். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வரி கேட்பாய் என்று மாதாமாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலேயே அவளிடம் உன் கல்யாணத்தைச் சொல்லச் சொல்கிறாய்.

கிளோதின்


கொலோன்
25 ஜூலை 2005

அக்கா,

கடிதம் இன்று வந்தது. இன்றே எழுதுகிறேன்.

உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? ஏழு மாதம் என்னை வேடிக்கை பார்த்திருக்கிறாய். நான் கேட்கிறேனா என்று பரீட்சை வைத்திருக்கிறாய், அவளுடைய சாவை வைத்து. அவள் இல்லை என்று தெரியாமல் நான் ஏலிஸைப் பார்க்கப் போனேன், சிரித்தேன், மோதிரம் வாங்கினேன். முன்பே சொல்லியிருந்தால் அழுவதற்காவது எனக்கு நேரம் இருந்திருக்கும். பலராமன் ஐயா காலில் வந்து விழுந்திருப்பேன். அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

பப்பாவோடு நான் பேசுகிற மாதிரி இல்லை. போனை வைத்துவிட்டேன்.

அவள் எனக்காகக் காத்திருந்தே செத்துப்போனாள். இனி நான் எங்கே போனாலும் இது என் கூடவே வரும். அது போதாதா உனக்கு? நான் செய்ததற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. நலம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

அலெக்சி


கருவடிக்குப்பம்
20 ஆகஸ்டு 2005

அலெக்சிக்கு,

நீ தூங்கவில்லை என்று எழுதியதைப் படித்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. டாக்டரைப் பார். இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம்.

நான் உனக்குப் பரீட்சை வைத்தேன் என்பது உண்மை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் நீ எழுதியதில் ஒன்று தவறு. அதை மட்டும் திருத்த வேண்டும். அவள் வந்து திருத்த முடியாது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பள்ளி மூடிய அன்று மாலை, எல்லோரும் போனபிறகு, பூர்ணிமா என்னை ஸ்டாஃப் ரூமில் நிறுத்தி ஒரு செய்தி சொன்னாள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவளுக்கு ஆய்வு மாணவி இடம் கிடைத்திருந்தது. விண்மீன் பிறக்கிற மேகங்களைப் பற்றித்தான். டிசம்பர் நடுவில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. முப்பதை எட்டப்போகிறவளை எடுப்பார்களா என்று பயந்துகொண்டே போனாளாம். எடுத்துக்கொண்டார்கள். ஜனவரி கடைசியில் சேர வேண்டும். போவதற்குள் ஆயம்மா விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் அந்த ஞாயிறும் விடாமல் போனாள்.

அவள் அனுப்பிய கேள்விகள் அந்தத் தேர்வுக்காக. நானும் உன்னைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உனக்காகக் கேட்கிறாள் என்று. அவளிடமே சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தாள். "இல்லக்கா, நம்ம காலேஜ் லைப்ரரியில அந்தப் பாடத்துக்குப் புது புஸ்தகமே கெடையாது. உங்க தம்பி நல்லா வெளக்குவாரு. அதான் கேட்டேன்" என்றாள். திருக்கனூர் வரனை வேண்டாம் என்றதும் அதற்காகத்தான்.

"அலெக்சிக்கு எழுதட்டுமா?" என்றேன். "நீங்களா எழுதாதீங்கக்கா. அவரா கேட்டாச் சொல்லுங்க. கேக்க மாட்டாரு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பெங்களூரில் குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் அவள் உனக்காகக் காத்திருந்து செத்தாள் என்று நீ சுமக்க வேண்டாம். அவள் உன்னை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவளுக்குப் போக ஒரு இடம் இருந்தது. அங்கே போக முடியாமல் செத்தாள். அழுவதென்றால் அதற்கு அழு.

ஏலிஸிடம் எதையும் மறைக்காதே. அக்டோபரில் பப்பாவை நானே சென்னைக்குக் கூட்டிப் போய் விமானம் ஏற்றிவிடுகிறேன். சக்கர நாற்காலி கேட்டு எழுதிவிடு. எனக்கு டிக்கெட் எடுக்காதே.

சாப்பாட்டை விடாதே. இனி பப்பாவின் நலத்தைப் போனில் அவரிடமே கேட்டுக்கொள்.

கிளோதின்